சோனி ஏ7 மார்க் 3, ஏ7 மார்க் 4 ஒப்பீடு

சோனி ஏ7 மார்க் 3, சோனி ஏ7 மார்க் 4 ஆகிய இரண்டும் சப்பானின் சோனி நிறுவனம் வெளியிட்ட, முழுச்சட்ட உணரி கொண்ட, கண்ணாடியில்லா எண்ணிம ஒளிப்படக்கருவிகள் ஆகும். முன்னது 2018 பெப்ரவரியிலும் பின்னது 2021 அக்டோபரிலும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் ஒரே வில்லைப் பொருத்தியையும் ஒரே வகை மின்கலத்தையும் பயன்படுத்துகின்றன; எடையும் ஏறக்குறைய ஒன்றே. எனவே பழையதை வைத்திருப்பவர் புதியதற்கு மாற வேண்டுமா என்பதும், முதன்முறை வாங்குபவர் பயன்படுத்தப்பட்ட பழையதை வாங்கினால் போதுமா என்பதும் அடிக்கடி எழும் கேள்விகளாக உள்ளன. இக்கட்டுரை இவ்விரு கருவிகளின் வேறுபாடுகளைத் தொழில்நுட்ப அடிப்படையில் விளக்குகிறது. கிருட்டிணகிரி மாவட்டம் ஓசூரை அடுத்த சானமாவுக் காப்புக்காட்டில் மங்கிய வெளிச்சத்தில் யானைகளைப் படமெடுக்கும் சூழல் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

பின்னணி

35 மிமீ படச்சுருளின் ஒரு சட்டம் 36 மிமீ அகலமும் 24 மிமீ உயரமும் உடையது. அதே அளவில் அமைந்த எண்ணிம உணரியே முழுச்சட்ட உணரி எனப்படுகிறது. பழைய தனிவில்லைக் கருவிகளில் வில்லைக்கும் உணரிக்கும் நடுவே சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். அது ஒளியை மேலே திருப்பிக் கண்ணுக்கு அனுப்பும். படமெடுக்கும் கணத்தில் அக்கண்ணாடி மேலெழுந்து விலகும். கண்ணாடியில்லாக் கருவிகளில் இந்த ஏற்பாடு இல்லை. உணரி எப்போதும் ஒளியைப் பெற்றுக்கொண்டே இருக்கிறது. அது காண்பதையே ஒரு சிறிய மின்னணுத் திரை வழியாகப் படமெடுப்பவரும் காண்கிறார். கண்ணாடிக்கான இடைவெளி தேவையில்லாததால் வில்லைப் பொருத்திக்கும் உணரிக்கும் இடையிலான தொலைவு சோனியின் இ வகைப் பொருத்தியில் 18 மிமீ மட்டுமே.

சோனி 2006 ஆம் ஆண்டில் கோனிக்கா மினோல்ட்டாவின் ஒளிப்படக்கருவித் தொழிலை எடுத்துக்கொண்டது. 2013 அக்டோபரில் ஏ7, ஏ7ஆர் ஆகிய கருவிகளை அறிவித்தது. தானியங்கிக் குவியம் கொண்ட முதல் முழுச்சட்டக் கண்ணாடியில்லாக் கருவிகள் இவையே. லைக்கா நிறுவனத்தின் எம்9 கருவியில் 2009 ஆம் ஆண்டிலேயே முழுச்சட்ட உணரி இருந்தது, கண்ணாடியும் இல்லை. ஆனால் அதில் குவியத்தைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். நிக்கானும் கேனானும் முழுச்சட்டக் கண்ணாடியில்லாக் கருவிகளை 2018 ஆம் ஆண்டில்தான் கொண்டுவந்தன. அதே ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த ஏ7 மார்க் 3, இடைநிலை விலையில் அதுவரை கிடைக்காத வசதிகளைத் தந்ததால் பரவலாக வாங்கப்பட்டது. வெளியானபோது அமெரிக்காவில் அதன் உடலின் விலை ஏறத்தாழ 2,000 டாலர். ஏ7 மார்க் 4 இன் விலை ஏறத்தாழ 2,500 டாலர்.

உணரி

ஏ7 மார்க் 3 இன் உணரி 24.2 மெகாபிக்சல் கொண்டது. முழுப் படம் 6000 × 4000 பிக்சல்களாக அமையும். ஏ7 மார்க் 4 இன் உணரி 33 மெகாபிக்சல் கொண்டது; முழுப் படம் 7008 × 4672 பிக்சல்கள். இரண்டும் பின்புற ஒளியூட்ட வகையைச் சேர்ந்தவை, அதாவது மின்சுற்றுகள் ஒளி வாங்கும் பகுதிக்குப் பின்னால் அமைக்கப்பட்டவை.

24 இலிருந்து 33 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலான உயர்வு எனத் தோன்றும். பரப்பின் அடிப்படையில் இது உண்மையே. எனினும் ஒரு பொருளின் நுண்விவரத்தை முடிவுசெய்வது நீளவாக்கில் உள்ள பிக்சல்களின் எண்ணிக்கை. 6000 க்கும் 7008 க்கும் இடையிலான உயர்வு ஏறத்தாழ 17 விழுக்காடு மட்டுமே. விளம்பரங்களில் மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து முடிவெடுப்போர் இக்கணக்கைத் தவறவிடுவது வழக்கம்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மூன்று மீட்டர் உயரமுள்ள ஆண் யானை ஒன்று 200 மீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். 400 மிமீ குவியத்தூர வில்லையில் அதன் உருவம் உணரியின்மீது 6 மிமீ உயரத்தில் விழும். ஏ7 மார்க் 3 இல் அது ஏறத்தாழ 1,000 பிக்சல், ஏ7 மார்க் 4 இல் ஏறத்தாழ 1,170 பிக்சல். ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற அளவில் அச்சிட்டால் யானையின் உயரம் முறையே 3.4 அங்குலமாகவும் 3.9 அங்குலமாகவும் அமையும். வேறுபாடு அரை அங்குலம். மாறாக, பழைய கருவியிலேயே 600 மிமீ வில்லையைப் பொருத்தினால் உருவம் 9 மிமீ ஆகி, 1,500 பிக்சலைத் தாண்டிவிடும். தொலைவிலுள்ள விலங்கைப் படமெடுப்பவருக்கு, ஏ7 மார்க் 4 உடன் 400 மிமீ வில்லையை வாங்குவதைவிட ஏ7 மார்க் 3 உடன் 600 மிமீ வில்லையை வாங்குவது கூடுதல் விவரத்தைத் தரும்.

உணரியின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பயன்படுத்தும் முறையில் பழைய கருவி 10 மெகாபிக்சலையும் புதியது 14 மெகாபிக்சலையும் தருகின்றன. செய்தித்தாளுக்கும் இணையத்துக்கும் 10 மெகாபிக்சல் போதுமானது. சுவரில் மாட்டும் பெரிய அச்சுக்கு 14 சற்று வசதியானது.

மங்கிய வெளிச்சம்

சானமாவு, ஓசூர் வனக்கோட்டத்தைச் சேர்ந்த காப்புக்காடு ஆகும். ஓசூரிலிருந்து கிருட்டிணகிரி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இதனை ஒட்டிச் செல்கிறது. சுற்றிலும் வயல்களும் சிற்றூர்களும், சற்றுத் தொலைவில் ஓசூரின் தொழிற்சாலைகளும் சூழ்ந்த சிறிய காடு இது. ஆண்டுதோறும் கேழ்வரகு முற்றும் காலத்தை ஒட்டி, அக்டோபர், நவம்பர் மாதங்களில், கருநாடகத்தின் பன்னேருகட்டா தேசியப் பூங்காவிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, சவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாக வந்து சானமாவு, போடூர்பள்ளம் பகுதிகளில் தங்குகின்றன. கோடை தொடங்கும் முன் பெரும்பாலானவை திரும்புகின்றன. பகலில் காட்டுக்குள் மறைந்திருக்கும் யானைகள் மாலை மங்கியபின் வயலை நோக்கிப் புறப்பட்டு, விடியும் முன் திரும்புவது இயல்பு. ஆகவே அவை வெளியில் தெரியும் நேரம் ஒளிப்படத்திற்கு மிகக் கடினமான நேரமாகவே அமைகிறது.

இச்சூழலில் தேவைப்படும் உணர்திறனைக் கணக்கிடலாம். சூரியன் மறைந்தபின் மர ஓரத்தில் வெளிச்சம் ஈவி 6 என்ற அளவில் இருப்பதாகவும், நடக்கும் யானையை அசைவின்றிப் பிடிக்க 250 இல் ஒரு பங்கு விநாடி தேவை என்றும் கொள்வோம். துளை எஃப் 6.3 ஆக உள்ள தொலைவில்லையில் ஐஎஸ்ஓ ஏறத்தாழ 16,000 தேவைப்படும். துளை எஃப் 1.8 ஆக உள்ள வில்லையில் ஏறத்தாழ 1,300 போதும். வில்லையால் வரும் வேறுபாடு மூன்றரை ஸ்டாப்புக்கும் மேல்.

கருவியால் வரும் வேறுபாடு இதனோடு ஒப்பிடத்தக்கது அன்று. இரு கருவிகளின் ஐஎஸ்ஓ எல்லையும் ஒன்றே: இயல்பாக 100 முதல் 51,200 வரை, நீட்டித்தால் 50 முதல் 2,04,800 வரை. ஏ7 மார்க் 4 இன் ஒவ்வொரு பிக்சலும் சற்றுச் சிறியது (ஏறத்தாழ 5.1 மைக்ரான், பழையதில் 5.9). ஆகவே திரையில் நூறு விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்தால் புதிய கருவியின் படத்தில் இரைச்சல் கூடுதலாகத் தெரியக்கூடும். இரு படங்களையும் ஒரே அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் இவ்வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. மூன்றரை ஆண்டுகள் கழித்து வந்த கருவியில் இரைச்சல் பாதியாகக் குறைந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. உணரித் தொழில்நுட்பம் ஒளியின் இயற்கையான ஏற்ற இறக்கத்தால் வரும் எல்லையை நெருங்கிவிட்டதே இதற்குக் காரணம் ஆகும்.

இரு உணரிகளிலும் இரட்டை மிகைப்பு முறை உள்ளது. குறிப்பிட்ட ஐஎஸ்ஓ வரை ஒரு மின்சுற்றும் அதற்கு மேல் இரைச்சல் குறைந்த மற்றொரு சுற்றும் இயங்கும். இம்மாற்றம் பழைய கருவியில் ஐஎஸ்ஓ 640 இலும் புதியதில் 400 இலும் நிகழ்கிறது. எனவே ஏ7 மார்க் 3 ஐப் பயன்படுத்துவோர் 500 ஐத் தேர்வதைவிட 640 ஐத் தேர்ந்தால் நிழற்பகுதிகள் தூய்மையாக அமையும்.

உடலுக்குள் அமைந்த அதிர்வுக் கட்டுப்பாடு முன்னதில் 5 ஸ்டாப், பின்னதில் 5.5 ஸ்டாப் எனச் சோனி குறிப்பிடுகிறது. இது கையின் நடுக்கத்தைத்தான் ஈடுசெய்யும்; நடக்கும் யானையின் அசைவை நிறுத்தாது.

ஒப்பீட்டிற்காக ஒன்றைக் குறிப்பிடலாம். தமிழ் எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருட்டிணன் (1912–1996), யானைகளைக் கருப்பு வெள்ளைச் சுருளில் படமெடுத்தார். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியைச் 'சூப்பர் பாண்டரோசா' என வேடிக்கையாக அழைத்தார். தானியங்கிக் குவியமோ அதிர்வுக் கட்டுப்பாடோ அன்று இல்லை.

குவியம்

இரு கருவிகளுக்கும் இடையிலான மிகப் பெரிய வேறுபாடு தானியங்கிக் குவியத்திலேயே உள்ளது. எண்களைப் பார்த்தால் இது தெரியாது. ஏ7 மார்க் 3 இல் 693 கட்ட உணர்வுப் புள்ளிகள் சட்டத்தின் 93 விழுக்காட்டையும், ஏ7 மார்க் 4 இல் 759 புள்ளிகள் 94 விழுக்காட்டையும் நிரப்புகின்றன. இவ்வளவில் இரண்டும் ஒன்றே எனலாம். எஃப் 2 துளையில் அளந்தபோது குவியம் இயங்கும் மிகக் குறைந்த வெளிச்சம் முன்னதில் ஈவி -3, பின்னதில் ஈவி -4 எனச் சோனி அறிவித்துள்ளது. எஃப் 6.3 வில்லையில் உணரியை அடையும் ஒளி மூன்று ஸ்டாப்புக்கு மேல் குறைவதால், களத்தில் இவ்வெல்லைகளை எதிர்பார்க்கக் கூடாது.

உண்மையான மாற்றம் கணிப்பியில் உள்ளது. ஏ7 மார்க் 4 இல் உள்ள பயான்ஸ் எக்ஸ்ஆர் கணிப்பி, ஒருமுறை குறித்த பொருளை அதன் நிறம், வடிவம், தொலைவு ஆகியவற்றைக் கொண்டு தொடர்ந்து பின்பற்றுகிறது. யானை ஒரு மரத்துக்குப் பின்னால் சென்று மறுபுறம் வெளிப்பட்டால் குவியம் மீண்டும் அதனைப் பற்றிக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. இந்த நிகழ்நேரப் பின்தொடரல் ஏ7 மார்க் 3 க்கு மென்பொருள் புதுப்பித்தல் வழியாகவும் வழங்கப்படவில்லை. அதிலுள்ள பழைய பற்றுமுறை, முன்னால் ஒரு கிளை குறுக்கிட்டால் கிளையையே பற்றிக்கொள்ளும் இயல்புடையது. 2019 ஏப்ரலில் வந்த மூன்றாம் பதிப்பு மென்பொருள், ஏ7 மார்க் 3 க்கு விலங்குகளின் கண்ணை அறியும் வசதியைத் தந்தது. ஆனால் அது நிலைப்படத்திற்கு மட்டுமே. ஏ7 மார்க் 4 இல் மனிதர், விலங்கு, பறவை என மூன்று தேர்வுகள் நிலைப்படம், நிகழ்படம் இரண்டிலும் கிடைக்கின்றன. கெலவரப்பள்ளி அணையில் நீர்ப்பறவைகளைப் படமெடுப்போருக்குப் பறவைத் தேர்வு ஒன்றே மாறுவதற்குப் போதிய காரணமாகலாம்.

யானையைப் பொறுத்தவரை இவ்வசதியை அளவுக்கு மீறி நம்ப இயலாது. விலங்குக் கண் அறியும் மென்பொருள் நாய், பூனை போன்ற முகங்களில் சிறப்பாக இயங்குகிறது. யானையின் கண்ணோ உடலளவை நோக்க மிகச் சிறியது. சுருக்கங்கள் நிறைந்த கருந்தோலின் நடுவே நிழலில் புதைந்திருப்பது. மாலையில் இரு கருவிகளும் கண்ணைத் தவறவிடுவது இயல்பே. இத்தகைய தருணங்களில் சிறு குவியப் புள்ளி ஒன்றைத் தந்தத்தின் அடியிலோ காதின் விளிம்பிலோ வைப்பது நம்பகமான முறை. வெளிர்நிறத் தந்தம் கருந்தோலைச் சந்திக்கும் இடத்தில் மாறுபாடு மிகுதியாதலால் குவியம் எளிதில் அமையும்.

காதின் விளிம்புக்கு வேறொரு முதன்மையும் உண்டு. காதில் உள்ள கிழிசல், மடிப்பு, நிறமிழந்த புள்ளிகள், தந்தத்தின் வளைவு, வாலின் நீளம் ஆகியவற்றைக் கொண்டே ஆய்வாளர்கள் தனித்தனி யானைகளை அடையாளம் காண்கின்றனர். எந்த யானை எந்த ஊர் வயலுக்கு வந்தது என அறிய இத்தகைய படங்கள் உதவும். அதற்கு முன்சொன்ன 1,000 பிக்சல் உயரமே போதும். குவியம் பிழைத்திருந்தால் 1,170 பிக்சலும் பயன்படாது.

ஒலியில்லா ஷட்டர்

இரு கருவிகளிலும் இயந்திர ஷட்டரும் மின்னணு ஷட்டரும் உள்ளன. மின்னணு ஷட்டரில் ஒலியே எழாது. ஆனால் உணரி மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுகிறது. ஏ7 மார்க் 4 இல் இதற்கு ஏறத்தாழ 15 இல் ஒரு பங்கு விநாடி ஆகிறது. ஏ7 மார்க் 3 உம் இவ்வகையில் விரைவானது அன்று. பிக்சல்கள் கூடியும் படிக்கும் வேகம் கூடாதது புதிய கருவியின் குறை எனலாம். அடுக்கு உணரி கொண்ட சோனி ஏ9 (2017) இதனைவிடப் பன்மடங்கு விரைவாகப் படிக்கும்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு பேருந்து 15 இல் ஒரு பங்கு விநாடியில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நகர்ந்துவிடும். எனவே நெடுஞ்சாலை வாகனங்களை மின்னணு ஷட்டரில் படமெடுத்தால் அவை சாய்ந்து தோன்றும். மெல்ல நடக்கும் யானையில் இது தெரிவதில்லை. விசிறும் காதில் மட்டும் சில வேளை தெரியலாம்.

ஓசூரில் ஒளிப்படத் தொழில் செய்வோருக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டையின் பட்டறைகளிலும் திருமண மண்டபங்களிலும் உள்ள பல விளக்குகள், 50 ஏர்ட்சு மின்னோட்டத்தில் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. மின்னணு ஷட்டர் ஒரு சட்டத்தைப் படித்து முடிப்பதற்குள் ஆறேழு துடிப்புகள் கடந்துவிடுவதால் படத்தில் கிடைக்கோடுகளாகப் பட்டைகள் விழும். ஷட்டர் வேகத்தை 50 இல் ஒன்று அல்லது 100 இல் ஒன்று என அமைத்தால் பட்டைகள் நீங்கும். இதைவிட விரைவான வேகம் தேவையெனில் இயந்திர ஷட்டருக்கு மாறி, துடிப்பின் உச்சத்தில் படமெடுக்கும் வசதியை இயக்கலாம். அது இரு கருவிகளிலும் உள்ளது. மேடைப் பின்புலமாக வைக்கப்படும் எல்இடி திரைகளின் துடிப்பு வேறு வேகத்தில் அமைவதால் அவற்றுக்கு இவ்வசதி உதவாது.

தொடர்படமும் நினைவட்டையும்

இரண்டும் விநாடிக்கு 10 படங்கள் எடுக்கவல்லவை. எனினும் ஏ7 மார்க் 4 இவ்வேகத்தை, இழப்புடன் சுருக்கப்பட்ட ரா கோப்பில் மட்டுமே எட்டுகிறது. இழப்பில்லாத அல்லது சுருக்கப்படாத ரா கோப்பைத் தேர்ந்தால் வேகம் ஏறத்தாழ ஆறாகக் குறைகிறது. விளம்பரத்தில் இது பெரிதாகச் சொல்லப்படுவதில்லை. மறுபுறம், இழப்பின்றிச் சுருக்கும் ரா கோப்பு ஏ7 மார்க் 3 இல் அறவே இல்லை.

பழைய கருவி சுருக்கப்பட்ட ரா கோப்பில் ஏறத்தாழ 89 படங்களுக்குப் பின் வேகம் குறையும். புதியதில் சிஎஃப்எக்ஸ்பிரஸ் ஏ வகை அட்டையைப் பயன்படுத்தினால் 800 க்கும் மேற்பட்ட படங்கள் தடையின்றிப் பதிவாகும். அவ்வட்டை எஸ்டி அட்டையைவிடப் பன்மடங்கு விலை கூடியது. நெடுந்தொடர் தேவைப்படாதோர் எஸ்டி அட்டையையே பயன்படுத்தலாம். பழையதின் இரண்டு அட்டைத் துளைகளில் ஒன்று மட்டுமே விரைவான யூஎச்எஸ்-2 வகை. புதியதில் இரண்டும் அவ்வகையே.

சுருக்கப்படாத ரா கோப்பு ஒன்று முன்னதில் ஏறத்தாழ 48 மெகாபைட்டும் பின்னதில் 66 மெகாபைட்டும் இடம்பிடிக்கும். 64 கிகாபைட் அட்டையில் முறையே 1,300 உம் 950 உம் படங்கள் கொள்ளும். கணினியின் நிலைவட்டுச் செலவையும் இதனோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நிகழ்படம்

நிகழ்படத்தில் ஏ7 மார்க் 4 தெளிவாக முந்துகிறது. பழையது 4கே தரத்தில் விநாடிக்கு 30 சட்டங்கள் வரை 8 பிட் ஆழத்தில் பதியும். ஒரு பதிவு அரை மணி நேரத்தைத் தாண்டாது. புதியது 10 பிட் ஆழத்தில் பதியும். நேர வரம்பு இல்லை. விநாடிக்கு 60 சட்டங்களும் கிடைக்கும், ஆனால் உணரியின் நடுப்பகுதியிலிருந்து மட்டும். 10 பிட் பதிவில் மாலை வானத்தின் நிறம் படிப்படியாக மாறுவது பட்டைகளின்றி அமையும். திருமண நிகழ்படம் எடுப்போர் ஏ7 மார்க் 4 க்கு மாறியதற்கு இதுவும் நேர வரம்பின்மையும் முதன்மைக் காரணங்களாகக் கொள்ளத்தக்கவை. நிலைப்படம் மட்டும் எடுப்பவர் இப்பகுதிக்காகப் பணம் செலவிடத் தேவையில்லை.

உடலமைப்பும் மின்கலமும்

ஏ7 மார்க் 3 இன் எடை 650 கிராம். ஏ7 மார்க் 4 அதைவிடச் சில கிராம்களே கூடியது. பிந்தையதின் கைப்பிடி ஆழமானது. 2,115 கிராம் எடையுள்ள 200-600 மிமீ வில்லையுடன் பிடிக்கும்போது இது விரல்களுக்கு உதவும். கண்வைத்துப் பார்க்கும் மின்னணுத் திரை 23.6 இலட்சம் புள்ளிகளிலிருந்து 36.8 இலட்சமாக உயர்ந்துள்ளது. பின்புறத் திரை பழையதில் மேலும் கீழும் மட்டும் சாயும். புதியதில் பக்கவாட்டில் திறந்து சுழலும். தொடுதிரை பழையதில் குவியப் புள்ளியை நகர்த்த மட்டுமே பயன்படும். புதியதில் பட்டியல்களையும் தொட்டு இயக்கலாம்.

மின்கலத்தில் பழைய கருவியே மேல். அதே மின்கலத்தில் பின்புறத் திரையைக் கொண்டு 710 படங்களும், கண்வைத்துப் பார்க்கும் திரையைக் கொண்டு 610 படங்களும் எடுக்கலாம் என்பது சீரளவுக் கணக்கு. ஏ7 மார்க் 4 இல் இவ்வெண்கள் 580, 520 எனக் குறைந்துள்ளன. நுண்ணிய திரையும் விரைவான கணிப்பியும் கூடுதல் மின்சாரத்தை உண்கின்றன.

கிருட்டிணகிரி மாவட்டத்தின் செம்மண் தூசியும் கருங்கல் வெட்டுமிடங்களின் தூளும் வில்லையை மாற்றும்போது உணரியில் படிவது உண்டு. ஏ7 மார்க் 4 ஐ அணைக்கும்போது ஷட்டரை மூடிவைக்குமாறு அமைக்கலாம். ஏ7 மார்க் 3 இல் இவ்வசதி இல்லை, உணரி எப்போதும் திறந்தே இருக்கும். மூடிய ஷட்டர் மிக மெல்லிய இதழ்களால் ஆனது என்பதால் அதனை விரலால் தொடுவதோ அதன்மீது காற்றை வேகமாக ஊதுவதோ கூடாது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருப்பதால் மார்கழி, தை மாதங்களின் விடியலில் பனி இறங்கும். இரு கருவிகளிலும் ஈரத்தடுப்பு ஓரளவே உண்டு. புதியதில் மூடிகளின் இணைப்புகள் மேம்படுத்தப்பட்டுள்ளன.

பாதுகாப்பும் சட்டமும்

இவ்விரு கருவிகளிலும் உள்ளமைந்த பளிச்சு விளக்கு இல்லை. இதனைக் குறையாகக் கருதுவோர் உளர். யானைகள் நடமாடும் இடத்தில் இது நன்மையே. இருளில் திடீரெனப் பாயும் வெளிச்சம் யானையை மிரளச் செய்யும். மிரண்ட யானை படமெடுத்தவரை நோக்கியே வரும் என்பதில்லை. அருகில் கேழ்வரகுக் காவலுக்கு நிற்கும் உழவரை நோக்கியும், பேரண்டப்பள்ளி, கோபசந்திரம் பகுதிகளில் நெடுஞ்சாலையைக் கடக்கும் வேளையானால் வாகனங்களுக்கு நடுவிலும் ஓடலாம். ஆனால் இரு கருவிகளிலும் குவியத்திற்கு உதவும் சிறு விளக்கு முன்புறத்தில் உள்ளது. வெளிச்சம் குறைந்தால் அது தானாக எரியும். பட்டியலில் சென்று அதனை முன்கூட்டியே அணைத்துவைப்பது இன்றியமையாதது. பின்புறத் திரையின் வெளிச்சத்தையும் குறைத்து, கண்வைத்துப் பார்க்கும் திரையை மட்டும் பயன்படுத்தலாம்.

யானை, 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. சரணாலயத்துள் ஒளிப்படம் எடுக்க இச்சட்டத்தின் 28 ஆம் பிரிவின்படி இசைவு பெற வேண்டும். இம்மாவட்டத்தில் 2014 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்திற்கு இது பொருந்தும். சானமாவு காப்புக்காடு ஆதலால் தமிழ்நாடு வனச் சட்டம், 1882 இன்படி வனத்துறையின் இசைவின்றி உள்ளே நுழைவது குற்றமாகும். யானைகள் வந்திருக்கும் நாட்களில் வனத்துறையினர் அவற்றைக் கூட்டமாகத் திருப்பி அனுப்ப முயல்வர். சாலையோரம் கூடும் மக்கள் திரளே அப்பணிக்குப் பெருந்தடையாக அமைகிறது. கைப்பேசியுடன் நெருங்கிச் செல்பவரைவிட, 600 மிமீ வில்லையுடன் தொலைவில் ஒதுங்கி நிற்பவர் தமக்கும் யானைக்கும் குறைந்த இடரையே விளைவிக்கிறார்.

பயன்படுத்தப்பட்ட கருவியை வாங்குதல்

இரு கருவிகளின் ஷட்டரும் 2,00,000 படங்களைத் தாங்கும் எனச் சோதிக்கப்பட்டவை. பயன்படுத்தப்பட்ட ஏ7 மார்க் 3 ஐ வாங்குவோர் ஷட்டர் எண்ணிக்கையைக் கேட்டறிவது முதற்படி. திருமணப் படப்பிடிப்பில் உழைத்த கருவியில் இது ஓரிரு ஆண்டுகளிலேயே பெரும் எண்ணிக்கையை எட்டியிருக்கும். அடுத்து, எஃப் 16 துளையில் வெறும் வானத்தைப் படமெடுத்து உணரியில் கறையோ கீறலோ உள்ளதா எனப் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, மென்பொருள் மூன்றாம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ எனச் சரிபார்க்க வேண்டும். இல்லையெனில் விலங்குக் கண் வசதி இராது. புதுப்பித்தல் இலவசமே.

சிக்மா, டாம்ரான் போன்ற பிற நிறுவனங்களின் இ வகை வில்லைகள் இரண்டிலும் இயங்கும். அவ்வில்லைகளுக்குச் சோனி விதித்துள்ள விநாடிக்கு 15 படம் என்ற வரம்பு, பத்துக்கு மேல் எடுக்காத இக்கருவிகளைப் பாதிப்பதில்லை. எனவே பழைய கருவியை வாங்கி மிச்சமாகும் தொகையில் டாம்ரான் 150-500 மிமீ அல்லது சிக்மா 150-600 மிமீ வில்லையைச் சேர்ப்பது விலங்குப் படமெடுப்போருக்கு ஏற்ற வழி. பறக்கும் பறவைகளையும் நிகழ்படத்தையும் முதன்மையாகக் கொண்டோருக்கு இது பொருந்தாது. அவர்கள் ஏ7 மார்க் 4 ஐ வாங்குவதே முறை.

பின்வந்த கருவிகள்

ஏ7 மார்க் 4 இன் 33 மெகாபிக்சல் தரத்திலேயே, உடல் சிறுத்த ஏ7சி மார்க் 2 கருவி 2023 ஆம் ஆண்டில் வெளியானது. பொருளறியும் பணிக்கெனத் தனிக் கணிப்பி அதில் சேர்க்கப்பட்டது. இத்தகைய கணிப்பி முதலில் 2022 ஆம் ஆண்டின் ஏ7ஆர் மார்க் 5 இல் இடம்பெற்றது. பூச்சி, வாகனம், தொடர்வண்டி, வானூர்தி ஆகியவற்றையும் அது அறியும். ஏ7 வரிசையின் அடுத்த கருவியான ஏ7 மார்க் 5, 2025 திசம்பரில் அறிவிக்கப்பட்டது. அதன் உணரியும் 33 மெகாபிக்சலே. ஆனால் பகுதி அடுக்கு வகையைச் சேர்ந்ததால் ஏ7 மார்க் 4 ஐவிட விரைவாகப் படிக்கப்படுகிறது.